சத்தம் எதுல ஜாஸ்தி?

“ரெண்டுல எதுல பாய் சத்தம் ஜாஸ்தி?”

கேட்டது மாமியார் பூங்காவனம் என்றதும் பவித்ரா திக்கென்று திரும்பிப் பார்த்தாள். மாமனார் லோகநாதன் உள்ளறையில் மதியத் தூக்கம் போடும்போது மிக்ஸியைக்கூடத் தொட விடாத அம்மா கேட்கிற கேள்வியா இது?

கள்ளிக்குப்பத்து வீட்டின் கூடத்தில் இரண்டு பவர் ஆம்ப் இருந்தன. பழைய இசைச் சாமான் வாங்கி விற்கும் சுலைமான், தமிழரசு வாசித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று ஆட்டோவில் கொண்டு வந்திருந்தார். ஒன்று டிபன் பாக்ஸ் அளவு. இன்னொன்று கனத்த இரும்புப் பெட்டி, பின்னால் ஃபேன் வைத்தது.

“ஊட்டுக்குச் சின்னதே போதும்மா,” என்றார் சுலைமான். “தம்பியோட கிடார்லேர்ந்து பெடல் வழியா வர்றது பூனைக்குட்டி சத்தம். அத ஸ்பீக்கர் பொட்டிய அசைக்கற அளவுக்குத் தூக்கிக் குடுக்கறதுதான் இதோட வேல. பெருசு மேடைக்கு.”

“மேடையிலதான் பாய் பிரச்சினையே. டிரம்ஸு பக்கத்துல சின்னத முழுசா திருப்புனா சத்தம் கிழிஞ்சிடும். பவரு கொஞ்சம் மிச்சம் இருக்கணும்,” என்றான் தமிழரசு.

பவித்ராவின் கணவன் அவன். பட்டரவாக்கத்தில் லேத் பட்டறை வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் கச்சேரி. ஆம்ப் என்றால் வாய் ஓயாது. அப்பா எதிரில் நின்றால் வாயில் கொழுக்கட்டை.

பவித்ராவுக்குத் திருநின்றவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

“நான் கட்டுன இந்த ஊட்ல கீற வரைக்கும் மருமவ வேலைக்குப் போவக் கூடாது” என்று மாமனார் ஒரே போடாகப் போட்டிருந்தார். சொன்ன சொல்லை மாற்றினால் மீசைக்குக் கேவலம் என்று நினைக்கிற மனுஷன். இன்று அவர் தூங்கி எழுந்ததும் டீயைக் கையில் கொடுத்து, கடைசியாக ஒரு முறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று இருந்தாள். அதற்கு அவர் நல்லபடியாக எழுந்திருக்க வேண்டுமே.

தமிழரசு முதலில் சின்னதை மாட்டி, மெதுவாக மீட்டினான். சத்தம் கூடத்தைத் தாண்டவில்லை. பவித்ராவுக்கு மூச்சு வந்தது.

“ஏங்க, இதுவே நல்லா கீது. இதையே எடுத்துக்கங்க. மாமா தூங்கறாரு.”

“நீ சும்மா இரு,” என்று மாமியார் அதட்டினார். “கொசு கத்தற மாரி கீது. வாங்கறதே வாங்கறான், பெருசா வாங்கட்டும். மாட்டுடா அத.”

என்ன கல் மனசு இந்த அம்மாவுக்கு! மருமகளுக்காக இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தான் மட்டும் இந்த வாரத்தில் இரண்டு தடவை ரயிலேறித் திருநின்றவூர்க் கோயிலுக்குப் போய் வந்தாயிற்று. பிரசாதம் எங்கே என்று மாமனார் கேட்டதற்கு, “அங்கியே துன்னுட்டேன்” என்று பதில். சாமிக்காக அவ்வளவு தூரம் போகலாம், சம்பளத்துக்காக மருமகள் போகக் கூடாது!

தமிழரசு ஒயரை மாற்றிச் சொருகினான். குமிழைப் பாதி திருப்பித் தந்தியைத் தட்டினான். ஷோகேஸ் கண்ணாடி நடுங்கியது. உள்ளறையில் கட்டில் முனகி, மறுபடி அடங்கியது.

பவித்ரா ஓடிப்போய்க் கணவனின் கையைப் பிடித்தாள். “போன மாசம் இன்னா சொன்னாரு, ஞாபகம் கீதா? இன்னொரு தபா இந்த மாரி சத்தம் கேட்டா ஊட்ட உட்டுக் கெளம்புன்னாரு.”

குசுகுசுவென்றுதான் சொன்னாள். ஆனாலும் மாமியார் காதில் விழாமல் இல்லை.

தமிழரசின் கை குமிழிலிருந்து நகர்ந்தது. “பாய், சின்னதே இருக்கட்டும்...”

பூங்காவனம் விறுவிறுவென்று வந்தார். குமிழைப் பிடித்து, அதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும் திருப்பினார்.

“இப்ப வாசிடா.”

“யம்மா, வேணாம்மா...”

“வாசிடான்றேன்!”

வாசித்தான். வீட்டுக்குள் இடி விழுந்தது. ஜன்னல் கம்பி அதிர, தெரு நாய்கள் குரைக்க, உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. லோகநாதன் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கண் சிவக்க நின்றார்.

“ஊடாடா இது? அன்னிக்கே சொன்னேனா இல்லியா? இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள நீயும் ஒன் பொண்டாட்டியும் இந்த ஊட்ட உட்டுப் போயிடணும்!”

“மாமா, அவரு தெரியாம...” பவித்ரா குறுக்கே வந்தாள்.

“சொன்னா சொன்னதுதான்!” சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

“ஐயையோ, எம் புள்ளைங்க எங்க போவும்!” என்று பூங்காவனம் வாசல்வரை ஓடிப் பெருங்குரலெடுத்தார். எதிர்வீட்டு ஷோபனாகூட எட்டிப் பார்த்தாள். சுலைமான் தலை நிமிராமல் ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

பவித்ரா சமையலறைச் சுவரில் சாய்ந்து விம்மினாள். வேலைதான் போச்சு என்றால், இருக்க இடமும் போச்சு. எல்லாம் இந்த மாமியாரால்.

பின்னாலேயே வந்த பூங்காவனத்தின் கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அரிசி டப்பாவுக்குள் கையை விட்டார். ஒரு சாவியை எடுத்து மருமகளின் கையில் வைத்து மூடினார்.

“இன்னா அத்த இது?”

“அங்கேர்ந்து ஒன் இஸ்கூலுக்கு நடந்தே பூடலாம்.”