அப்பாவின் கை

“முகம் வேண்டாம்க்கா. கை மட்டும் போதும்.”

இளம் தாய் இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். புகைப்படக்காரி கேமராவை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். பதினொரு வருடமாக வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் படம் எடுக்கிறாள். அப்பாவின் முகம் வேண்டாம் என்ற வீட்டை இப்போதுதான் பார்க்கிறாள்.

“ஏம்மா, முகத்துக்கு என்ன குறைச்சல்? ஆள் நல்லாத்தானே இருக்காரு?”

ஜன்னலோரம் நின்றிருந்தவர் சிரிக்கவில்லை. இளம் தாயும் சிரிக்கவில்லை.

குழந்தைக்குப் பன்னிரண்டு நாள். வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு, மெத்தையில் விரித்த கம்பளியின் மேல் மல்லாந்து தூங்கியது. அதற்குக் குளிராமல் இருக்க ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கம் கலைவதற்குள் எடுத்தாக வேண்டும். அரை மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். உள்ளே நுழையும்போதே புகைப்படக்காரி இந்த வீட்டை எடைபோட்டுவிட்டாள். கதவருகே நாடா ஒட்டிய இரண்டு அட்டைப்பெட்டிகள். ஒன்றின் மூடி இடுக்கில் ஆண் சட்டையின் காலர் எட்டிப் பார்த்தது. கூடத்துச் சுவரில் வெறும் ஆணி. அதன் கீழே பெரிய படம் ஒன்று மாட்டியிருந்த இடம் மட்டும் வண்ணம் மங்காமல் சதுரமாகத் தெரிந்தது. இவர்களோ ஒருவரை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆள் மூட்டை கட்டிவிட்டார், அவ்வளவுதான். கைப்பிள்ளைக்காரியை விட்டுவிட்டுப் போக எப்படித்தான் மனசு வருகிறதோ! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சரி, கையையாவது காட்டச் சொல்லு.”

இளம் தாய் பீரோவைத் திறந்து, நீலக் கோடு போட்ட சட்டையையும் தோல்பட்டை வைத்த வாட்ச்சையும் எடுத்தாள். அவர் கையில் கொடுக்காமல் மேசைமேல் வைத்தாள்.

“இதைப் போட்டுக்குங்க.”

அவர் பக்கத்து அறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். சட்டை தோளில் தொளதொளத்தது. வாட்ச் பட்டையில் ஓர் ஓட்டை மட்டும் தேய்ந்து அகன்றிருந்தது. அவர் அதையும் தாண்டி இரண்டு ஓட்டை உள்ளே தள்ளி மாட்டியிருந்தார்.

“பிள்ளை பெத்தது அவ, இளைச்சது நீங்களா சார்?” என்று புகைப்படக்காரி சிரித்தாள்.

கூடச் சிரிக்க யாருமில்லை. “இது சரியா வருமா?” என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல்.

“வரும்,” என்றாள் இளம் தாய். “சட்டைக் கையை ரெண்டு மடிப்பு மடிங்க. அதுக்கு மேல வேண்டாம்.”

“நீயே மடிச்சு விடேம்மா,” என்றாள் புகைப்படக்காரி. இளம் தாய் இடத்தைவிட்டு அசையவில்லை. “சரி, உன் கையை அவர் கைக்கு அடியில வை. மேல பிள்ளையோட கால். எல்லா வீட்டுலயும் அப்படித்தான் எடுப்பேன், அழகா வரும்.”

இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள்.

“என் கை எதுக்குக்கா? நான்தான் தினமும் இவகூட இருக்கப் போறேனே. நாளைக்கு இவ பெரியவளானதும் ‘இது உங்கப்பா கை’ன்னு காட்ட ஒரு படம் வேணும். அது ஒண்ணுதான் கேட்கிறேன்.”

குழந்தை முகத்தைச் சுளித்தது. “முழிச்சுக்கப் போறா. சீக்கிரம் சார்!”

அவர் மண்டியிட்டார். கை பாதி தூரம் போய் நின்றது. திரும்பி வந்து சட்டையில் துடைத்துக்கொண்டது. மறுபடி போய், மறுபடி நின்றது. புகைப்படக்காரியால் அதற்கு மேல் வாயைக் கட்ட முடியவில்லை.

“சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க சார். போறதும் இருக்கறதும் உங்க இஷ்டம். ஒரு நிமிஷம் இந்தப் பிள்ளைக்கு அப்பாவா இருந்துட்டுப் போனா என்ன? பெத்த பிள்ளை காலைத் தொட இவ்வளவு யோசனையா?”

“அக்கா, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க,” என்று பதறினாள் இளம் தாய்.

“அவங்க சொல்றது சரிதான்,” என்றார் அவர் மெதுவாக. “ஒரு நிமிஷம்தானே. இருந்துடறேன்.”

அந்தச் சின்னப் பாதம் அவர் உள்ளங்கைக்குள் அடங்கியது. புகைப்படக்காரி குனிந்து கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

“கட்டை விரலை உள்ள மடக்குங்க சார்.”

“இல்லக்கா, அது வெளியிலயே இருக்கட்டும்,” என்று குறுக்கிட்டாள் இளம் தாய். “டம்ளரைப் பிடிச்சாக்கூட அப்படித்தான் இருக்கும்.”

அவர் விரலை வெளியே நீட்டினார். கேமரா நாலைந்து முறை சொடுக்கியது. அதற்குள் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. போகட்டும், படம் கிடைத்துவிட்டது.

புகைப்படக்காரி கேமராத் திரையைக் காட்டினாள். கோடு போட்ட கை மடிப்பு, வாட்ச், உள்ளங்கையில் பாதம். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி இளம் தாய் வெகுநேரம் பார்த்தாள். திரையின் மேல் விரலால் தடவினாள். கண்ணீர் வழிந்து தாடையில் நின்றது.

“அதே கை,” என்றாள்.

புகைப்படக்காரிக்கு மனம் கேட்கவில்லை. அவள் காதருகே போனாள். “இவ்வளவு ஆசையை வெச்சுக்கிட்டு ஏம்மா வீம்பு? போகாதீங்கன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, மனுஷன் போயிடுவாரா?”

“சொன்னேன்க்கா. ஆஸ்பத்திரியில அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே சொன்னேன்.”

அவர் வாட்ச்சைக் கழற்றினார். சட்டை நுனியால் அதன் கண்ணாடியைத் துடைத்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக இளம் தாயை நிமிர்ந்து பார்த்துப் பேசினார்.

“அண்ணன் வாட்ச்சைப் பழையபடி பீரோவிலயே வெச்சுடட்டுமா, அண்ணி?”