ஒன்பதாவது ஒளியாண்டு

"ஆறு ஒளியாண்டுக்கு மேல தாவினா என்ஜின் வெடிச்சிரும் சார்" என்றாள் தமிழ்ப்ரியா, மூன்றாவது முறையாக.

"வெடிக்காதும்மா. நான் யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்." கணபதிராமன் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். மைசூர் ரயில்வேயில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவள் எழுதும் ஆடியோ தொடரில் வரும் விண்கப்பலுக்கு, ஒளியையே முந்துகிற என்ஜின். ஆறு ஒளியாண்டு தூரத்தில் போய் நின்று தொலைநோக்கியைத் திருப்பினால் ஆறு வருடத்துக்கு முந்தைய பூமி தெரியும். அன்று இங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இப்போதுதானே அங்கே போய்ச் சேர்கிறது.

கடைசிப் பகுதியை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். மணி நாலே கால். இந்த நேரம் பார்த்து, அக்ரஹாரத்தில் அவள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார் மனிதர்.

போன் அடித்தது. தொடருக்குக் குரல் கொடுக்கும் கிரண். "பத்து நிமிஷம்" என்று சொல்லி வைத்தாள். உட்கார முடியவில்லை. ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தாள். தப்புக் கண்டுபிடிக்கவே தொடர் கேட்கிறவர்களை அவளுக்குத் தெரியும். ஆனால் வீடு தேடி வந்தவர் இவர் ஒருவர்தான்.

"ஒரே தாவல் வேண்டாம். மூணு மூணா மூணு தாவல். நடுவுல என்ஜினை ஆற விடுங்க."

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். பென்சிலில் படம், அம்புக்குறிகள். குறை சொல்ல இடமில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒன்பதாவது ஒளியாண்டுல நின்னு திரும்பணும். மேகம் இருக்கக் கூடாது. சாயங்கால வெயில் நல்லா அடிக்கணும்."

"எங்க?"

"மைசூர்லதான்."

"கதையில மைசூரே கிடையாது சார்."

"ஸ்வல்ப சேர்த்துக்குங்கம்மா. ஒரே ஒரு மொட்டை மாடி போதும்."

போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை.

"ஆறு வருஷமோ ஒன்பது வருஷமோ, கேக்கிறவங்களுக்கு என்ன சார் வித்தியாசம்?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் தாளை மடிக்கப் பார்த்தார். மடிப்பு சரியாக விழவில்லை. மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"ஆறுல நின்னு பார்த்தா, என் பொண்ணு உயிரோட இருக்க மாட்டாம்மா."