விரல் ரகசியம்

இடைவேளை. மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குள் ரசிகர் மன்றத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே நுழைந்தார்.

"அண்ணே, கொன்னுட்டீங்க! ராக் வாசிச்சு ஊரையே ஆட வெச்ச மனுஷன், இப்ப ஆரம்ப காலத்துல வாசிச்ச ப்ளூஸ் சோக இசைக்கே திரும்பிட்டீங்களே! கம்பியில விரலை வெச்சதும் ஒரு நடுக்கம் வருது பாருங்க, கல்லும் கரைஞ்சுடும்!"

கிட்டார் மேதை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நானும் வீட்டுல தலைகீழா நின்னு பாத்துட்டேன். அந்த நடுக்கம் மட்டும் வர மாட்டேங்குது. எப்படிண்ணே?"

"உனக்கு வரவே வேணாம்ப்பா."

"பாத்தீங்களா அண்ணி, தொழில் ரகசியமாம்!" தலைவர் மேதையின் மனைவி பக்கம் திரும்பினார். "போன வருஷத்தைவிட இப்ப நடுக்கம் கூடியிருக்கு. அடுத்த வருஷம் இன்னும் கூடணும், சொல்லிட்டேன்!"

"கூடும்," என்றாள் அவள். "டாக்டரும் அதையேதான் சொன்னாரு."

ஜோக் என்று நினைத்துத் தலைவர் சிரித்தார். அவள் தண்ணீர் டம்ளரை எடுத்து, கணவரின் வாயில் வைத்துப் புகட்டினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

வெளியே, அதே பாட்டை இன்னொரு தடவை கேட்டுக் கூட்டம் விசிலடித்துக்கொண்டிருந்தது.