புறா விடுகிறவர்

ஜோர்டானின் அம்மான் நகரில் வெயில் சாய்கிறது. ஜன்னல் முழுக்க மொட்டைமாடிகள். கணினித் திரையிலும் அதே மொட்டைமாடிகள். துப்பாக்கி விளையாட்டுக்காக சுஹைர் நான்கு மாதம் உட்கார்ந்து செய்த நகரம் அது. திரையில் ஒருவர் கழியில் கட்டிய கறுப்புத் துணியைச் சுழற்றிப் புறா விடுகிறார். ஒரு தோளைச் சாய்த்து நிற்கும் அந்த நிற்பு சுஹைரின் அப்பாவுடையது. அவர் துணியைத் தாழ்த்தினால்தான் புறாக்கள் இறங்கும். அப்படித்தான் சுஹைர் நிரல் எழுதியிருக்கிறாள். இன்று அவர் தலைக்கு மேல் எதிரிக்குரிய சிவப்பு வட்டம்.

"யார் வேலை இது?"

குழுத்தலைவன் லுவாய் காப்பியிலிருந்து நிமிரவில்லை. "வெளிநாட்டு முதலாளிங்க. இவன் கொடி காட்டிச் சண்டைக்கு ஆள் சேர்க்கிறானாம். சுட்டா ஐம்பது பாயிண்ட்."

"கொடியா? தினம் சாயங்காலம் எங்க மாடியில எங்கப்பா பண்றது இதுதான்யா!"

"விடு சுஹைர், பொம்மைதானே? சோதிச்சு இன்னிக்கே அனுப்பணும்."

அவனே மவுஸை இழுத்து ஒருமுறை அழுத்துகிறான். அவர் சரிகிறார். துணி அவருக்கு அடியில் சிக்கிக்கொள்கிறது. திரையின் மூலையில் ஐம்பது மின்னுகிறது. புறாக்கள் சுற்றுகின்றன, இன்னும் சுற்றுகின்றன.

சுஹைர் மேசையில் ஓங்கி அறைகிறாள். காப்பி சிதறுகிறது.

"சுட்டுட்டேல்ல? இப்ப அதுகளை இறக்கு. இறக்குடா, பாக்கலாம்!"