கரண்டி கழுவும் வேலை

"அந்த வீராயி கரண்டியைக் கழுவுறதே இல்லடி. சோத்துல தொடச்சிகினு இருக்கா. என் கண்ணால பார்த்தேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரிடமோ சொன்னது நர்ஸ் பார்வதியின் காதில் விழுந்தது. மிச்சமிருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போயிற்று.

அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைகளுக்கு அந்தச் சுரங்கக் கம்பெனி டிஸ்பென்சரியில் தினமும் ஒரு கரண்டி சுறா மீன் எண்ணெய். நோயை எதிர்க்கிற சக்தி வருமாம். பாதிக் குழந்தைகள் பார்வதியின் வெள்ளைப் புடவையிலேயே துப்பிவிட்டுப் போகும். கரண்டி கழுவுவது, இடத்தைப் பெருக்குகிற வீராயியின் வேலை.

பார்வதி பின்பக்கம் போய்ப் பார்த்தாள்.

வீராயி தூக்குவாளிச் சோற்றில் ஒவ்வொரு கரண்டியையும் அழுத்தித் துடைத்து, பிறகு வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

வீராயி பதறி எழுந்தாள். "நல்லாக் கழுவிடறேங்க நர்ஸம்மா. ஒட்டிக்கினு இருக்கறது வீணாத்தானே போவுது? எம் பொண்ணு தனத்துக்கு மார்கழியிலேருந்து இருமல். கான்ட்ராக்ட் ஆளு புள்ளைக்கு மருந்துக் கார்டு இல்லேன்னுட்டாங்க."

"இந்த நாத்தத்துல எப்படிச் சாப்பிடறா?"

"கருவாட்டுக் கொழம்புன்னு சொல்லி வெச்சிருக்கேங்க. இன்னும் கொஞ்சம் ஊத்துன்றா."

அதற்குள் கஸ்தூரியம்மாள் பின்னால் வந்து நின்றாள். ஜன்னலில் கேட்ட அதே குரல். கணவர் சுரங்கத்தில் பெர்மனெண்ட் தொழிலாளி.

"பார்த்தீங்களா நர்ஸு? இவ கை பட்ட கரண்டி எம் புள்ள வாய்க்கு வரக்கூடாது. நாளைக்கும் இவளே கழுவினா, நேரா டாக்டர்கிட்ட போயிடுவேன். அப்புறம் இவளுக்கு வேலை இருக்காது, ஆமா."

வீராயி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

பார்வதி சுவரில் சாய்ந்துகொண்டாள். காலையிலிருந்து நின்ற கால்கள்.

"டாக்டர் வரைக்கும் எதுக்கும்மா? நாளையிலேருந்து நானே கழுவறேன். வீராயி, நீ பெருக்கறதோட சரி. கரண்டிப் பக்கமே வராதே."

"அப்படிக் கண்டிச்சு வைங்க," என்றபடி கஸ்தூரியம்மாள் திருப்தியாகக் கிளம்பினாள்.

வீராயி தூக்குவாளியை மூடினாள்.

மறுநாள் கடைசிக் குழந்தையும் துப்பிவிட்டுப் போயிற்று. பார்வதி கரண்டிகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய்க் கதவைச் சாத்தினாள். மத்தியானத்துக்குக் கொண்டுவந்திருந்த தன் டிபன் பாக்ஸைத் திறந்து, சோற்றில் ஒவ்வொரு கரண்டியாகத் துடைக்க ஆரம்பித்தாள்.