ஜலஜா டோக்கன்

“நேத்து வந்தவ. அவ பேருல டோக்கனாம்! ‘ஜலஜா டோக்கன் குடுங்க’ன்னு எங்கிட்டயே வந்து கேக்கறாங்க!”

காப்பியைக் கூடக் குடிக்காமல் பொருமினாள் ராஜம். ஹவுராவில் ஒரு ரயில்வே ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை அவளுக்கு.

“டோக்கன் வந்தப்புறம் கூட்டம் சீக்கிரம் கரையுதுன்னு நீதானே சொன்னே?” என்றார் கணவர் நடராஜன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“ஓகோ, உங்களுக்கும் அவதான் ஒசத்தியா?”

வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? முன்பெல்லாம் காய்ச்சல்காரன், கட்டுப் போட வந்தவன், பிள்ளைத்தாய்ச்சி எல்லாருக்கும் ஒரே கியூ. கேட் வரை நிற்கும். புது நர்ஸ் ஜலஜா வந்தாள். ஒர்க் ஷாப்பில் சொல்லித் தகர வில்லைகள் வெட்டி வாங்கினாள். காய்ச்சலுக்குச் சிவப்பு, கட்டுக்கு நீலம், பிள்ளைத்தாய்ச்சிக்கு மஞ்சள். கலருக்கு ஒரு பெஞ்சு. அவ்வளவுதான், கியூவே போயிற்று.

“பெரிய வித்தை! வர்ற கிழவனையெல்லாம் காக்கா, காக்கான்னு கூப்பிட்டே காக்கா பிடிச்சுட்டா” என்று கட்டுப் போடும் டிரெஸ்ஸர் மாரியப்பனிடம் சொல்லிப் பார்த்தாள் ராஜம். வங்காளத்தில் காக்கா என்றால் சித்தப்பா.

மாரியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டு, “ஆனாலும் நல்ல ஐடியாக்கா” என்றான். பாவி!

இன்றைக்கு அந்த டோக்கனைப் பார்க்கத்தான் பெரிய டாக்டர் மஹாதேவன் வருகிறார். ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு சூப்பர்வைசர் யார் என்பதையும் முடிவு செய்யப் போகிறாராம். சர்வீஸில் மூத்தவள் ராஜம். ஆனால் ஊர் முழுக்க ஜலஜா பேர்தானே அடிபடுகிறது?

ராஜம் எல்லாருக்கும் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டப்பாவிலிருந்த வில்லைகளை அள்ளித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். டப்பாவை அலமாரிக்குப் பின்னால் தள்ளினாள்.

டாக்டர் வந்தபோது கியூ பழையபடி கேட்டைத் தொட்டிருந்தது. தள்ளுமுள்ளு. லோட் ஷெட்டிங் வேறு. ஃபேன் நின்று, ஆளாளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒரு பிள்ளைத்தாய்ச்சி நிற்க முடியாமல் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

ராஜம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டு சீட்டு எழுதினாள்.

“இதான் உங்க புது முறையா?” என்றார் டாக்டர்.

“டோக்கன் டப்பாவைக் காணோம் ஸார். காலையிலேர்ந்து தேடறேன்.” ஜலஜா மேஜைக்கடியில் மறுபடி குனிந்து பார்த்தாள்.

ராஜத்துக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. வேணும், நல்லா வேணும்!

“டோக்கன் தொலைஞ்சா மறுபடி வெட்டிக்கலாம்மா. யோசனை நல்ல யோசனைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. எப்படித் தோணிச்சு உனக்கு?”

“எனக்குத் தோணல ஸார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு இந்தக் கூட்டத்தைப் பாத்துட்டு ராஜம் அக்காதான் சொன்னாங்க. ‘காளிகாட் கோயில் வாசல்ல பேடா கடைக்காரன் செருப்புக்குக் கூட டோக்கன் குடுத்து ஒழுங்கா வெச்சிருக்கான். இங்க மனுஷனுக்கு அது கூட இல்ல’ன்னு. நான் பெயிண்ட் மட்டும்தான் அடிச்சேன்.”

ராஜத்தின் பேனா நின்றது. ஏதோ எரிச்சலில் சொன்னது. சொன்னதே அவளுக்கு மறந்துவிட்டது.

“ஜலஜா டோக்கன்னு சொல்லாதீங்க, ராஜம் டோக்கன்னு சொல்லுங்கன்னு எத்தனையோ பேர்கிட்ட சொல்லிட்டேன் ஸார். யாரும் கேக்கல. சூப்பர்வைசரா நீங்க அவங்களைத்தான் போடணும்.”

“அப்படியா சேதி! எங்கேம்மா அந்த ராஜம்?”

“இதோ, சீட்டு எழுதறாங்களே. அக்கா, எழுந்து வாங்கக்கா, ஸார் கூப்பிடறார்!”

டாக்டர் கை தட்டினார். மாரியப்பன் தட்டினான். விஷயம் புரியாமலே கியூவும் தட்டியது.

சத்தம் ஓய்ந்தது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

ராஜம் எழுந்திருக்கவில்லை. அசைந்தால் மடியிலிருந்த பை கலகலத்துவிடும்.