கடல் குளம் மாதிரி

“அப்பா, டிட் யூ எவர் த்ரோ அப் ஆன் தி ஷிப்?” என்று கேட்டாள் தர்ஷினி.

நாலாம் வகுப்பு வீட்டுப்பாடம். தங்கம் தேடி நியூயார்க்கில் கப்பலேறி சான் பிரான்சிஸ்கோ வந்த ஒருவன் நடுக்கடலிலிருந்து மனைவிக்கு எழுதும் கடிதம். திங்கட்கிழமை வகுப்பில் வாசித்துக் காட்டவேண்டும்.

பேரின்பநாதன் பேப்பரைக் கீழே வைத்தார்.

அது எண்பத்தாறாம் ஆண்டு; கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் அவர் கம்ப்யூட்டர் கம்பெனி எஞ்சினியர். கலியாணமான புதிதில் சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். கப்பலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டு வெகுகாலமாகிவிட்டது.

எழுந்தே நின்றுவிட்டார்.

ஆப்பிரிக்காவின் தென்முனையில் பிடித்துக்கொண்ட புயலைச் சொன்னார். அலை மேல்தளத்தில் ஏறி விழுந்ததையும், சமையல்காரர் சோற்றுப் பானையை அடுப்போடு சேர்த்துக் கட்டியதையும் சொன்னார். எஞ்சின் அறையில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வாளியையும் பிடித்துக்கொண்டு தான் வாந்தியெடுத்ததை நடித்தே காட்டினார்.

தர்ஷினி சிரித்துச் சிரித்து எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

சமையலறையில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த அவர் மனைவி நேசமலர் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

“ஆப்பிரிக்கா சுத்தி வரேக்க, கடல் குளம் மாதிரிக் கிடக்குது எண்டெல்லோ எனக்கு எழுதினீங்கள்?”

கையில் இல்லாத வாளியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் நின்றார்.

“நீர் பயந்துபோவீர் எண்டுதான்...”

தர்ஷினி பென்சிலை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நேசமலர் கோபப்படவில்லை. கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

“அதுக்கு நான் போட்ட பதில் ஞாபகம் இருக்கே?”

இல்லாமலா? பருத்தித்துறையிலிருந்து வந்த கடிதம். இரவிரவாக மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். புது மனைவி தன்னை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடக்கிறாள் என்று, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகத் திரிந்தவர் அவர். கூட வேலை செய்தவர்களுக்குக்கூட அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டியிருக்கிறார்.

இப்போதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நட்சத்திரம்,” என்றார், மகளுக்குக் கேட்காதபடி மெதுவாக.

“ஓம்,” என்றாள் நேசமலர். “அந்தக் கிழமைதான் காத்தில எங்கட வீட்டுக் கூரை போனது.”